செவியால் தொகுக்கும் ஒலி



திருவண்ணாமலைத் திருக்கோயிலை வலம் வந்தவர்கள் கிளிக்கோபுரத்தை அறிவார்கள். விண்ணை முட்டும் இராசகோபுரத்தைக் கண்ட கண்ணுக்கு அது சிறியதாகவே தோன்றும். ஆயினும் அதனைப்பற்றி வழங்கும் கதை சிறியதன்று. பிரபுடதேவராயன் என்னும் மன்னன் கண்ணொளியை இழந்தானாம். அவன் மீண்டும் பார்வை பெறத் தேவருலகத்துப் பாரிசாத மலர் வேண்டியிருந்ததாம். அருணகிரிநாதர் தம் உடலை விட்டு ஒரு கிளியின் உடலிற் புகுந்து அம்மலரைக் கொணரப் பறந்து சென்றார். திரும்பி வருவதற்குள் அவருடைய உடலை எரித்துவிட்டனர். ஆதலால் அவர் கிளியாகவே அக்கோபுரத்தில் அமர்ந்தார் என்பது செவிவழிச் செய்தி.

இக்கதையின் வரலாற்று உண்மையை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கம் அன்று. கண்ணிழந்த ஒருவனுக்குத் துணையாகப் பேசும் பறவை ஒன்று புறப்பட்டுச் சென்றது என்னும் அந்தக் கற்பனையைமட்டும் எடுத்துக்கொள்வோம். இக்காலத்தில் அத்தகைய கிளி ஒன்று கணிப்பொறியில் வந்து அமர்ந்திருக்கிறது. திரையில் தோன்றும் எழுத்துகளையும், பட்டியல்களையும், பொத்தான்களின் பெயர்களையும் அது குரலாக மாற்றிச் சொல்கிறது. திரைவாசிப்பான் என்பது அதன் பெயர். ஸ்கிரீன் ரீடர் என்ற ஆங்கிலப் பெயராலேயே பலரும் அதனை அறிவர். இழந்த பார்வையை மீட்டுத் தரும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனால் பார்வை இல்லாத ஒருவர் பிறர் உதவியின்றித் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அது தருகிறது. அதன் துணைகொண்டு ஒலியைப் பதிவு செய்வதும், பதிந்த ஒலியைத் திருத்தித் தொகுப்பதும் எவ்வாறு என்பதையே இன்று ஆராய்வோம்.

ஒலிப்பதிவுக்கும் பார்வையற்றோருக்கும் உள்ள தொடர்பு, ஒலிப்பதிவு பிறந்த நாள் முதலே தொடங்கியது எனலாம். எடிசன் 1877ஆம் ஆண்டில் போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்தார். அதன் பயன்கள் யாவை என்று அடுத்த ஆண்டில் அவர் ஒரு கட்டுரையில் எண்ணிக் காட்டியபோது, பார்வையற்றோர்க்கு நூல்களைப் படித்துக் காட்டுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டிலும் இசைத்தட்டு வடிவிலான பேசும் நூல்கள் பார்வையற்றோரின் இல்லங்களுக்குச் செல்லத் தொடங்கின. பின்னர் ஒலிநாடா வந்தது, கேசட் வந்தது, குறுந்தகடு வந்தது.

இந்த நீண்ட வரலாற்றில் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர வேண்டும். இவை எல்லாவற்றிலும் பார்வையற்றவர் கேட்பவராகவே இருந்தார். படித்தவர் வேறொருவர், பதிவு செய்தவர் வேறொருவர், எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்தவரும் வேறொருவரே. அன்போடு செய்யப்பட்ட தொண்டுதான் அது, அதில் ஐயமில்லை. எனினும் கேட்பவன் எந்நாளும் கேட்பவனாகவே இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லையே! தன் குரலைத் தானே பதிந்து, தானே செப்பம் செய்து, தன் பெயரோடு உலகுக்கு அளிக்கும் உரிமை அவனுக்கும் உண்டன்றோ? இன்று நாம் பேசும் பொருளின் உயிர்நிலை இதுவே.

வானொலி நிலையங்களில் முற்காலத்தில் ஒலியைத் தொகுத்த முறையை இங்கே நினைவு கூர்தல் நன்று. பேச்சும் பாட்டும் காந்த நாடாவில் பதியப்பட்டன. அந்த நாடா ஒரு நொடிக்கு ஏழரை அங்குலமோ பதினைந்து அங்குலமோ ஓடும். பேச்சாளர் தடுமாறிய இடத்தை நீக்க வேண்டுமானால், தொகுப்பவர் நாடாச் சுருளைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கேட்பார். சொல் தொடங்கும் இடத்தைக் காது உணர்ந்ததும் அங்கே மெழுகுப் பென்சிலால் குறியிடுவார்; சவர அலகால் வெட்டுவார்; இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் இணைப்பார். நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடும் நாடாவில், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நீளும் ஓர் அசை மூன்று அங்குல இடத்தைப் பிடிக்கும். கையால் தொட்டு அளக்கக்கூடிய நீளம் அது. குறியிடுவதற்கு மட்டுமே கண் தேவைப்பட்டது. எஞ்சிய அனைத்தும் காதின் வேலை, கையின் வேலை.

கணிப்பொறி வந்தபின் இம்முறை மாறிற்று. ஒலி ஒரு படமாகத் திரையில் விரிந்தது. மலைத்தொடர்போல் ஏறியும் இறங்கியும் செல்லும் கோட்டை அலைவடிவம் என்பர். தொகுப்பவர் அந்தப் படத்தைப் பார்க்கிறார், மௌஸ் என்னும் சுட்டியால் ஓர் இடத்தைத் தொட்டு இழுக்கிறார், வெட்டுகிறார், ஒட்டுகிறார். வேலை எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால் காதுக்கு உரியதாக இருந்த தொழில் இதனால் கண்ணுக்கு உரியதாயிற்று. பார்வையற்றவர் இயல்பாகவே சிறந்து விளங்கக்கூடிய ஒரு துறையில், அவருக்கு முன்னே படங்களால் ஆகிய சுவர் ஒன்று எழுந்து நின்றது. திரைவாசிப்பான் அச்சுவரில் ஒரு வாயிலைத் திறந்தது.

அவ்வாயில் திறந்த வகையைச் சிறிது காண்போம். டெட் ஹெண்டர் என்னும் அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1978ஆம் ஆண்டில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். அவருடைய நிறுவனம் 1989ஆம் ஆண்டில் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர், விலையின்றி யாவர்க்கும் கிடைக்கும் ஒரு திரைவாசிப்பானை 2006ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே என்பவரும் அவரோடு சேர்ந்தார். இவ்விருவரும் சிறுவர்களாக இருந்தபோது, பார்வையற்ற பிள்ளைகளுக்காக நடந்த ஓர் இசை முகாமில் நண்பர்களானவர்கள் என்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமான செய்தி. அவர்கள் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசுகிறது. சிற்றூரில் உள்ள ஒரு மாணவர்கூட அதனைக் காசு செலவின்றிப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு மென்பொருளிலும் அத்தகைய கொடை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டான்னன்பர்க் என்னும் இருவர் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆடாசிட்டி என்பதே அது. இதுவும் விலையின்றிக் கிடைப்பது. இதன் செயல்களை எல்லாம் பெரும்பாலும் விசைப்பலகையைக் கொண்டே நடத்தலாம். பார்வையற்றோர்க்கு இது முதன்மையான வசதி. ஏனெனில் சுட்டியின் அம்பு எங்கே நிற்கிறது என்பது அவர்க்குத் தெரியாது. விசைகள் எங்கே இருக்கின்றன என்பதோ அவருடைய விரல்களுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். திரைவாசிப்பான் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. மென்பொருளை எழுதியவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பட்டியலுக்கும் உள்ளே ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால், அப்பெயரை அது வாங்கிப் படிக்கிறது. பெயர் எழுதாமல் படத்தைமட்டும் வைத்திருந்தால், "பொத்தான், பொத்தான்" என்று அது வெறுமனே சொல்லும். அலைவடிவமும் ஒரு படமே. ஆகவே அதனைத் திரைவாசிப்பானால் படிக்க இயலாது. ஆனால் அலைவடிவத்தில் நாம் நிற்கும் இடம் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்பதை எண்ணாகச் சொல்ல அதனால் இயலும். ஒலி காதில் விழுகிறது. இடம் எண்ணாகக் கிடைக்கிறது. செம்மையாகத் தொகுப்பதற்கு இவ்விரண்டும் போதும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவதாக எழும் இடர், இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று மோதுவதாகும். பேசுபவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரைவாசிப்பானும் பேசுகிறது. கணிப்பொறியின் ஒலிபெருக்கி வழியாக அக்குரல் வெளிவந்தால், மைக் அதனையும் வாங்கிப் பதிந்துவிடும். தேவாரப் பாடலின் நடுவே ஆங்கிலத்தில் "ரிக்கார்ட் பட்டன்" என்ற சொல் ஒலித்தால் எப்படி இருக்கும்! ஆகவே காதை முழுவதும் மூடும் ஹெட்போனை அணிந்துகொள்வதே முதற்பாடம். மைக்கின் ஒலியைப் பதியாமல், கணிப்பொறியின் உள்ளே ஓடும் ஒலியையே பதிவு செய்யும் முறை ஒன்றும் உண்டு. அம்முறையில் திரைவாசிப்பானின் குரலும் ஒலியோடு கலந்துவிடும். ஹெட்போனும் அங்கே உதவாது. அப்போது திரைவாசிப்பானின் குரலை வேறோர் ஒலிக்கருவிக்குத் திருப்பிவிட வேண்டும். அல்லது சிறிது நேரம் பேசாதிருக்கச் செய்ய வேண்டும். என்.வி.டி.ஏ.யில் இன்சர்ட் விசையோடு எஸ் என்னும் எழுத்தை அழுத்திப் பேச்சை நிறுத்தலாம். மறுபடியும் பேச வைக்கலாம்.

திரைவாசிப்பான் பேசும்போது பிற ஒலிகளின் அளவைத் தானாகவே தாழ்த்தும் வசதி ஒன்றும் அதில் உண்டு. பிற வேளைகளில் அது நல்ல துணை. ஒலியைத் தொகுக்கும் வேளையிலோ அது செவியை ஏமாற்றும். பாடல் தாழ்ந்துவிட்டது என்று எண்ணித் தேவையின்றி உயர்த்திவிட நேரும். ஆகவே தொகுக்கும்போது அவ்வசதியை நீக்கி வைத்தல் வேண்டும்.

ஆடாசிட்டியில் ஆர் என்னும் எழுத்தை அழுத்தினால் பதிவு தொடங்கும். நீண்ட இடைவெளி விசையை அழுத்தினால் நின்றுவிடும். பதிவு தொடங்கியவுடன் பேசத் தொடங்காமல், பத்து நொடி அமைதியாக இருத்தல் வேண்டும். மின்விசிறியின் இரைச்சலும், தெருவின் தொலைதூர ஓசையும் அந்தப் பத்து நொடியில் தனியாகப் பதியும். இரைச்சலை நீக்கும் செயல், முதலில் இரைச்சல் எத்தகையது என்று கற்றுக்கொண்ட பிறகே நடைபெறும். அந்தப் பத்து நொடிதான் அதற்குப் பாடம். திருவண்ணாமலை போன்ற ஊரில் இவ்வெச்சரிக்கை இன்னும் தேவை. பௌர்ணமி இரவுகளில் மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளமும் ஒலிபெருக்கிகளும் நிறைந்திருக்கும். அந்நாளில் ஊருக்குள் அமைதியான பதிவை எதிர்பார்த்தல் அரிது.

பிழையான இடத்தை நீக்குவது எப்படி? ஒலியை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். பிழை தொடங்கும் இடத்தில் இடப்பக்கத்துச் சதுர அடைப்புக்குறி விசையையும், முடியும் இடத்தில் வலப்பக்கத்துச் சதுர அடைப்புக்குறி விசையையும் அழுத்த வேண்டும். இவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்ட பகுதி தேர்வாகிவிடும். உடனே வெட்டிவிடாமல் சி என்னும் எழுத்தை அழுத்தினால், அந்தப் பகுதி இல்லாவிட்டால் பேச்சு எப்படி ஒலிக்கும் என்பதை மென்பொருளே முன்கூட்டி ஒலித்துக் காட்டும். மூச்சு அறுபட்டால் குறியைச் சற்றே நகர்த்தலாம். இசட் என்னும் எழுத்தை அழுத்தினால், குறிகள் அலையின் ஓய்வுப் புள்ளிக்குச் சென்று நிற்கும். அலை உயர்ந்து நிற்கும் இடத்தில் வெட்டினால் 'டக்' என்ற ஓசை எழும். ஓய்வுப் புள்ளியில் வெட்டினால் எழாது. பழைய தொகுப்பாளர் நாடாவைச் சாய்வாக வெட்டியதும் இதே காரணத்தினால்தான். எல்லாம் நிறைவான பின்னரே நீக்கும் விசையை அழுத்த வேண்டும். நாடாவை வெட்டிவிட்டால் மீண்டும் ஒட்டித்தான் சரிசெய்ய வேண்டும். இங்கே கண்ட்ரோல் விசையோடு இசட் என்னும் எழுத்தை அழுத்தினால் வெட்டிய பகுதி அப்படியே திரும்பி வந்துவிடும்.

நீண்ட பதிவில் வழி தவறாமல் இருப்பதற்குப் பெயர்க்குறிகள் உதவுகின்றன. ஒலி ஓடும்போதே கண்ட்ரோல் விசையோடு எம் என்னும் எழுத்தை அழுத்தி ஒரு பெயரை எழுதி வைக்கலாம். கிரிவலம் செல்பவர் இந்திரலிங்கம், அக்கினிலிங்கம், எமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசானியலிங்கம் என்று எட்டு இலிங்கங்களையும் எண்ணிக்கொண்டே நடக்கிறார். இருளில் நடந்தாலும், 'இதோ வாயுலிங்கம் வந்தது. இனிக் குபேரலிங்கம்' என்று அவருக்கு இடம் தெரிகிறது. ஒலிப்பதிவில் இடும் பெயர்க்குறிகளும் அத்தகையவையே. மூன்று மணி நேரப் பதிவானாலும் குறியிலிருந்து குறிக்குத் தாவிச் செல்லலாம். திரைவாசிப்பான் அக்குறியின் பெயரைச் சொல்லும். ஒவ்வொரு குறியையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்து எடுக்கவும் இயலும்.

அடுத்து, ஒலியின் அளவைப்பற்றிச் சொல்ல வேண்டும். பார்வை உள்ளவர் திரையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஏறி இறங்கும் அளவுகோலைப் பார்த்து ஒலியை நிறுத்துகிறார். பார்வையற்றவர் எதைக்கொண்டு அறிவது? கார்த்திகைத் தீபத் திருநாளை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அன்று மாலை அர்த்தநாரீசுவரர் சிறிது நேரமே வெளிவந்து காட்சி தருவார். அவ்வேளையில் மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். தீபம் கண்ணுக்குரிய காட்சிதான். ஆனால் அது ஏற்றப்பட்ட நொடியைப் பார்வையற்றவரும் தவறாமல் அறிவார். அதுவரை காத்திருந்த பெருங்கூட்டம் ஒரே குரலாய் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று முழங்குகிறதே, அம்முழக்கமே அவருக்குத் தீபம். அதனைப் பதிய விரும்புபவர், அதற்கு முன்னிருந்த முணுமுணுப்புக்கு ஏற்றபடி மைக்கின் அளவை உயர்த்தி வைத்திருந்தால், முழக்கம் எழும்போது பதிவு பொறுக்க மாட்டாமல் உடைந்துவிடும். எண்முறைப் பதிவில் அளவுக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் எழும் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஒலியைப் பழைய நிலைக்கு முழுமையாக மீட்க வழி இல்லை.

ஆதலால் முன்னரே உரத்த குரலில் பேசிப் பார்த்து, சிறு சோதனைப் பதிவு ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். ஆடாசிட்டியில் தலை வெட்டுப்பட்ட இடங்களைத் தேடிக் குறியிடும் வசதி உண்டு. சோதனைப் பதிவில் அத்தகைய குறி ஒன்றேனும் விழுந்தால் மைக்கின் அளவைத் தாழ்த்த வேண்டும். உச்சிக்கு ஆறு டெசிபெல்லேனும் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்வது பொதுவான நெறி. வெளியிடங்களில் பயன்படுத்தும் கையடக்கப் பதிவுக்கருவிகளிலும் இப்போது நல்ல மாறுதல் வந்திருக்கிறது. ஜூம் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட சில கருவிகள், எந்தப் பொத்தானை அழுத்தினோம், எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் தாமே பேசிச் சொல்கின்றன. முணுமுணுப்பையும் முழக்கத்தையும் ஒருங்கே தாங்கக்கூடிய முப்பத்திரண்டு பிட்டுப் பதிவுமுறையும் அவற்றில் அமைந்துள்ளது. இம்முறையில் அளவை முன்கூட்டி நிறுத்தும் கவலை பெரிதும் குறைகிறது.

பல கருவிகளின் இசையைத் தனித்தனியே பதிந்து ஒன்றாகச் சேர்ப்பவர்க்கு ரீப்பர் என்னும் மென்பொருள் ஏற்றது. அதில் பார்வையற்றோர் தங்குதடையின்றி வேலை செய்வதற்கென்று ஒசாரா என்னும் துணை மென்பொருளை, முன்னே குறிப்பிட்ட ஜேம்ஸ் டே என்பவரே தொடங்கி உருவாக்கினார். தமக்கு வேண்டிய கருவியைப் பார்வையற்றோர் தாமே படைத்துக்கொண்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தமிழர்க்கு மட்டும் உரிய சில இடர்களும் இதில் உண்டு. நம் எழுத்துமுறையில் ககரம் ஒன்றுதான்; ஆனால் 'பக்கம்' என்ற சொல்லில் அது வல்லொலியாகவும், 'சங்கு' என்ற சொல்லில் மெல்லினத்தை அடுத்து வேறோர் ஒலியாகவும், 'பகல்' என்ற சொல்லில் மென்மையாகவும் ஒலிக்கிறது. தமிழ் பேசும் திரைவாசிப்பானுக்கு இந்த இயல்பை எல்லாம் விதிகளாக எழுதிக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பிறமொழிச் சொல் வந்தால் அவ்விதி தடுமாறுகிறது. கோப்பின் பெயர் தமிழிலும், மென்பொருளின் பட்டியல் ஆங்கிலத்திலும் இருக்கும்போது, ஒரே வரியில் இரு மொழிகளையும் அது படிக்க வேண்டியதாகிறது. ஆங்கிலம் அறியாத ஒரு பாடகருக்கு, "எக்ஸ்போர்ட்" என்றும் "எஃபெக்ட்" என்றும் காதில் விழும் சொற்கள் பொருளற்ற ஓசைகளே. மென்பொருளின் பட்டியல்களை நல்ல எளிய தமிழில் ஆக்கித் தருவதும், செய்முறைப் பாடங்களைத் தமிழ் ஒலி வடிவிலேயே பதிந்து வழங்குவதும் தமிழறிந்தோர் செய்யத்தக்க பணி. அப்பாடங்களைப் பார்வையற்றவர்களே பேசிப் பதிந்தால் இன்னும் சிறக்கும்; ஏனெனில் 'இங்கே சொடுக்குங்கள்', 'அந்தச் சிவப்புப் பொத்தான்' என்று கண்ணுள்ளவர் சொல்வது அவர்க்குப் பயன்படுவதில்லை.

இதனால் விளையும் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். கிரிவலப் பாதையிலும் பேருந்து நிலையங்களிலும் பார்வையற்ற பாடகர்கள் சிறு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பாடுவதை நாம் கண்டிருக்கிறோம். வழிப்போக்கர் ஒருவர் தம் கைப்பேசியில் அதனைப் பதிந்துகொண்டு போகிறார். அந்தப் பாட்டு எங்கெங்கோ சென்று பலர் காதில் விழுகிறது. பாடியவர்க்கு அது தெரிவதுமில்லை. அவருடைய பெயர் அதில் இருப்பதுமில்லை. அப்பாடகரே தம் பாட்டைத் தம் வீட்டில் பதிந்து, பிசிறு நீக்கி, தம் பெயரைச் சொல்லித் தாமே வெளியிடுவாரானால், அது அவருடைய பாட்டாகிறது. அதன் பயனும் அவருக்கு உரியதாகிறது. இரக்கத்தால் இடும் காசுக்கும் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்துக்கும் உள்ள வேறுபாட்டை நேயர்களே எண்ணிப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பார்வைக் குறைபாடு உடையவர்கள் நம் நாட்டில் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒலித்துறையில் ஆர்வமும் ஆற்றலும் உடையவர்கள் சிலராகவா இருப்பர்?

மாணவர்க்கும் இது பெருந்துணை. வகுப்பில் நடந்த பாடத்தைப் பதிந்து, வேண்டாதவற்றை நீக்கி, அதிகாரம் அதிகாரமாகக் குறியிட்டு வைத்துக்கொள்ளும் மாணவர், தேர்வுக்கு முதல்நாள் யாரேனும் வந்து படித்துக் காட்டுவார்களா என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒலிநூல்களுக்கென்று டெய்சி என்னும் உலகப் பொதுமுறை ஒன்று இருக்கிறது; அதனை வளர்க்கும் கூட்டமைப்பு 1996ஆம் ஆண்டில் தோன்றியது. இயல், பக்கம், தலைப்பு என்று தாவிப் படிக்கும்படி ஒலிநூலை அமைக்க உதவும் ஓபி என்னும் மென்பொருளை அது விலையின்றித் தருகிறது. திரைவாசிப்பானோடு இயைந்து செல்வது அது. பிரெய்ல் ஏட்டை விரலால் தடவிக்கொண்டே வாயால் படித்து, பார்வையற்றவரே ஓர் ஒலிநூலைப் பதிவு செய்துவிடலாம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951ஆம் ஆண்டில் அமைந்தது. அந்தப் பழைய துணையும் இந்தப் புதிய துணையும் இங்கே கைகோத்துச் செல்கின்றன.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. அச்சு நூலைப் பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் ஆதாயமின்றி மாற்றித் தருவதற்கு, 2012ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இதே நோக்கத்தோடு 2013ஆம் ஆண்டில் உருவான மராகேஷ் உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்த முதல் நாடு இந்தியாதான். அது 2014ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், செய்தித் தொடர்புச் சாதனங்கள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. சட்டம் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வழியில் நடப்பதுதான் நம் கடன்.

நடப்பதற்கு மூன்று செயல்கள் தேவை என்று கூறலாம். மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் எழுத மறவாதிருத்தல் முதற்செயல். புதிய பதிப்பு ஒன்றை அழகுபடுத்தி வெளியிடும்போது, பழைய பதிப்பில் விசைப்பலகையால் செய்ய முடிந்தவற்றைப் புதியதில் இழக்காமல் காக்க வேண்டும். ஒரே இரவில் வந்து இறங்கும் அத்தகைய மாறுதல், ஒருவருடைய பிழைப்பையே நிறுத்திவிடக்கூடும். மாவட்ட நூலகங்களிலும் கல்லூரிகளிலும் ஒரு கணிப்பொறி, ஒரு மைக், ஒரு ஹெட்போன், அமைதியான ஒரு சிற்றறை ஆகியவற்றை ஒதுக்கி வைத்தல் இரண்டாம் செயல். மென்பொருள்களோ விலையில்லாதவை, ஆகவே பெருஞ்செலவு நேராது. ஒலிபரப்புத் துறையில் இருப்போர், பார்வையற்றவரை விருந்தினராக அழைத்துப் பேசச் செய்வதோடு நின்றுவிடாமல், தொகுப்பறையில் உடன் உழைக்கும் தொழிலாளராகவும் ஏற்றுக்கொள்ளுதல் மூன்றாம் செயல்.

பயிலத் தொடங்கும் பார்வையற்ற நண்பர்களுக்கும் ஒரு சொல். விசைகள் அனைத்தையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். பதிதல், நிறுத்தல், இரு குறிகள், நீக்கல், மீட்டல் என்னும் ஐந்து செயல்களை முதல் வாரத்தில் பழகினால் போதும். ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றைத் தாமே பதிந்து, அதில் உள்ள இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்கிப் பாருங்கள். வெட்டிய இடம் கேட்பவர்க்குத் தெரியாவிட்டால் நீங்கள் தொழிலைக் கற்றுக்கொண்டீர்கள் என்பது பொருள். ஒலியைப் பொறுத்தவரை இறுதித் தீர்ப்பு வழங்கும் நடுவர் காதுதான். பார்வை உள்ள தொகுப்பாளரும் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டுதான் தம் வேலையைக் கேட்டுப் பார்க்கிறார். அவர் முடிவில் வந்து சேரும் இடத்திலேயே நீங்கள் தொடங்குகிறீர்கள்.